குழந்தைகள் கொண்டாட்டத்தில் மேஜிக்கும் விளையாட்டும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிறந்தநாளோ வேறு கொண்டாட்டமோ, பத்துப் பதினைந்து குழந்தைகள் ஒரே இடத்தில் கூடிவிட்டால், அடுத்த ஒரு மணி நேரத்துக்கு அவர்களை எப்படிக் கவனித்துக்கொள்வது என்ற யோசனை வந்துவிடும். நாமே கொஞ்சம் மேஜிக் காட்டலாமே என்று நினைக்கும் பெற்றோர், ஆசிரியர், அத்தை, மாமா ஆகியோர் வழக்கமாகக் கேட்கும் கேள்விகள் இவை. நான் சொல்லும் எல்லாப் பதில்களும் ஒரே இடத்தில்தான் வந்து நிற்கும்: வித்தை உங்கள் கையில் நடப்பதைவிடக் குழந்தையின் கையில் நடக்க வேண்டும்.

பங்கேற்கும் மேஜிக் என்றால் ஒரு குழந்தையை முன்னால் கூப்பிட்டு நிறுத்துவதுதானே?

அது போதாது. கூப்பிட்ட குழந்தை ஒரு பெட்டியைப் பிடித்துக்கொண்டு சும்மா நின்றால், அது ஒரு மேசை செய்கிற வேலை. அதிசயம் நடக்கும் கணத்தில் அந்தக் குழந்தையின் கையோ குரலோ முடிவோ அதற்குள் இருக்க வேண்டும்.

இரண்டு ஸ்பாஞ்சுப் பந்துகளை வைத்துச் செய்யும் பழைய வித்தையைப் பாருங்கள். ஒரு பந்தை வலது கையால் எடுத்து இடது கைக்கு மாற்றுவதுபோலக் காட்டுகிறீர்கள். உண்மையில் அது வலது விரல்களுக்குள்ளேயே இருக்கிறது. இடது கையை மூடி, பந்து அங்கே இருப்பதுபோல் ஒதுக்கி வைத்துக்கொள்கிறீர்கள். இப்போது வலது கையால் இரண்டாவது பந்தை எடுக்கும்போது ஒளித்து வைத்த பந்தையும் அதோடு சேர்த்து அமுக்கி, ஒரே பந்துபோலக் குழந்தையின் உள்ளங்கையில் வைத்து, "இறுக்கி மூடிக்கோ, விட்டுடாதே" என்கிறீர்கள். விரல்கள் மூடும்வரை உங்கள் கை விலகக் கூடாது. ஸ்பாஞ்சு அமுங்கியிருப்பதால் உள்ளே ஒன்றா இரண்டா என்று குழந்தைக்குத் தெரியாது.

அப்புறம் உங்கள் இடது கையைத் திறக்கிறீர்கள், காலி. "உன் கையைத் திற" என்கிறீர்கள். இரண்டு பந்துகளும் துள்ளி வெளியே வருகின்றன. மற்ற குழந்தைகள் எல்லாரும் அந்தக் குழந்தையைத்தான் பார்ப்பார்கள், உங்களை அல்ல. அதுதான் வேண்டும்.

எந்த வயதுக்கு எது எடுபடும்?

மூன்று வயதுக் குழந்தைக்கு நாணயம் மறைவது பெரிய விஷயமாகத் தெரியாது. எல்லாமே அதிசயமாக இருக்கும் வயதில், எது நடக்கக்கூடியது, எது நடக்கவே முடியாதது என்ற கோடு இன்னும் உறைக்கவில்லை. இந்த வயதுக்குப் பொம்மை, பாட்டு, சட்டென்று நிறம் மாறும் துணி போதும்.

நான்கு முதல் ஆறு வரை: கத்துவதற்கும் ஊதுவதற்கும் மந்திரச் சொல் சொல்வதற்கும் ஏற்ற வயது. குழந்தைகளுக்குத் தெரிவது உங்களுக்கு மட்டும் தெரியாததுபோல் நடியுங்கள். உங்கள் தோளுக்குப் பின்னால் பொம்மை எட்டிப் பார்க்கிறது, நீங்கள் திரும்பினால் ஒளிந்துகொள்கிறது. "பின்னாலே! பின்னாலே!" என்று கூடமே அதிரும். கையில் எந்தத் திறமையும் இல்லாமல் ஐந்து நிமிடம் ஓட்டிவிடலாம்.

ஏழு முதல் ஒன்பது வரை மேஜிக்குக்குப் பொற்காலம். ரசிக்கவும் தெரியும், சந்தேகப்படவும் தெரியும். பத்து வயதுக்கு மேல் ரகசியத்தின் மீதுதான் கண். அவர்களுக்குச் சீட்டு, கணக்கு, குறியீட்டு விளையாட்டுகள் கொடுங்கள். அந்த வயதில் மந்திரக்கோலைச் சுழற்றினால் முகம் சுளிப்பார்கள்.

எனக்கு மேஜிக்கே தெரியாது. எதிலிருந்து தொடங்குவது?

ரப்பர் பேண்டிலிருந்து. ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் சுற்றி ஒரு ரப்பர் பேண்டை மாட்டுங்கள். கையின் முதுகுப்புறம் குழந்தைகளைப் பார்த்து இருக்கட்டும். உங்கள் பக்கம் இருக்கும் உள்ளங்கைப் புறத்தில் பேண்டை இன்னொரு கையால் கொஞ்சம் இழுத்து, விரல்களை மடக்கும்போது நான்கு விரல் நுனிகளையும் அதற்குள் விட்டு முஷ்டியாக்குங்கள். வெளியிலிருந்து பார்ப்பவருக்குப் பேண்டு முதல் இரண்டு விரல்களில் மட்டும் இருப்பதாகவே தெரியும். ஒரு குழந்தையை ஊதச் சொல்லி, விரல்களை நீட்டுங்கள். பேண்டு மோதிர விரலுக்கும் சுண்டுவிரலுக்கும் தாவிவிடும். கண்ணாடி முன்னால் ஒரு மாலை நேரம் பழகினால் வந்துவிடும்.

அடுத்து, ஊதினால் படம் வரும் புத்தகம். இது 16ஆம் நூற்றாண்டிலேயே எழுதிவைக்கப்பட்ட வித்தை. இன்றும் கடைகளில் மேஜிக் கலரிங் புத்தகமாகக் கிடைக்கிறது. வாங்க வேண்டியதில்லை, வீட்டிலேயே செய்யலாம். கொஞ்சம் விறைப்பான தாளுள்ள சிறிய நோட்டு ஒன்றில் இரண்டாவது தாள், நான்காவது தாள், ஆறாவது தாள் என்று ஒன்றுவிட்டு ஒன்றாக, திறக்கும் ஓரத்தில் இரண்டு மூன்று மில்லிமீட்டர் வெட்டிவிடுங்கள். இப்போது கட்டைவிரலால் ஓரத்தைப் பிடித்துத் தாள்களை முன்னிருந்து பின்னாகச் சரசரவென்று விட்டால், குட்டைத் தாள் தனக்கு முன்னுள்ள நீளத் தாளோடு ஒட்டிக்கொண்டு விழும். பின்னிருந்து முன்னாக விட்டால் அடுத்த பக்கத்து நீளத் தாளோடு சேர்ந்து விழும். ஆக, ஒரு திசையில் தெரியும் பக்கங்கள் மறு திசையில் தெரியவே தெரியாது. படம் வரைவதற்கு முன் ஒரு திசையில் மெதுவாக ஓட்டி, கண்ணில் படும் பக்கங்களில் பென்சிலால் புள்ளி வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பக்கங்களில் மட்டும் படங்களை வரையுங்கள்.

முதலில் வெற்றுத் தாள்களாகக் காட்டுங்கள். "எல்லாரும் அவரவர் சட்டையில் இருக்கிற நிறத்தைக் கிள்ளி என் மேல் எறியுங்கள்" என்று சொல்லுங்கள். குழந்தைகள் மும்முரமாகக் கிள்ளி எறிவார்கள். மறு திசையில் ஓட்டுங்கள், நோட்டு முழுக்க வண்ணப் படம். பதினைந்து குழந்தைகளும் ஒரே நேரத்தில் மந்திரவாதியாகிவிடும் இந்த வித்தைக்கு ஈடாக நான் வேறொன்றைச் சொல்ல மாட்டேன்.

எல்லாக் குழந்தைகளும் ஒரே நேரத்தில் கையால் செய்து பார்க்கும்படி ஏதாவது உண்டா?

காகித வளையம். ஐந்து சென்டிமீட்டர் அகலமும் ஒரு மீட்டர் நீளமும் உள்ள பட்டைகளாகச் செய்தித்தாளை வெட்டி, முனைகளை ஒட்டி வளையமாக்குங்கள். மூன்று வகை வேண்டும். முதல் வகையில் முறுக்கே இல்லை. இரண்டாவதில் ஒட்டுவதற்கு முன் ஒரு முனையை அரைச் சுற்று திருப்புங்கள். மூன்றாவதில் முழுச் சுற்று. வளையம் பெரிதாக இருப்பதால் முறுக்கு கண்ணை உறுத்தாது. நடுவில் நீளவாக்கில் ஒரு கோடு போட்டு வையுங்கள்.

முனை மழுங்கிய கத்தரிக்கோலைக் கொடுத்து, "யார் முதலில் இரண்டு தனித்தனி வளையம் வெட்டுகிறீர்கள், பார்க்கலாம்" என்று போட்டியாகத் தொடங்குங்கள். முறுக்கில்லாத வளையம் கிடைத்தவருக்குச் சொன்னபடி இரண்டு வரும். அரைச் சுற்றுக்காரருக்கு வெட்டி முடித்த பிறகும் ஒரே வளையம், ஆனால் இரு மடங்கு நீளம். முழுச் சுற்றுக்காரருக்கு இரண்டு வளையங்கள் வரும், ஒன்றுக்குள் ஒன்று சங்கிலியாகக் கோத்துக்கொண்டு! வெட்டியது அவர்களே என்பதால், ஏமாற்றிவிட்டீர்கள் என்று யாரும் சொல்ல முடியாது. கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு வளையத்தைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிற குழந்தையை அவசரப்படுத்தாதீர்கள்.

அரைச் சுற்று வளையத்துக்கு மோபியஸ் பட்டை என்று பெயர். மோபியஸ், லிஸ்டிங் என்ற இரண்டு ஜெர்மன் கணித அறிஞர்கள் 1858இல் ஒருவரை ஒருவர் சாராமல் இதை ஆராய்ந்தார்கள். அதற்கு ஒரு பக்கம்தான் உண்டு. நம்பாத குழந்தையிடம் வெட்டாத வளையம் ஒன்றைக் கொடுத்து, பேனாவைத் தூக்காமல் நடுவே கோடு இழுத்துக்கொண்டே போகச் சொல்லுங்கள். தொடங்கிய இடத்துக்கே வந்து சேரும்போது பட்டையின் 'இரண்டு' பக்கங்களிலும் கோடு இருக்கும்.

கணக்கு வித்தைகள் குழந்தைகளுக்குச் சலிக்காதா?

வகுப்பு மாதிரி நடத்தினால் சலிக்கும். மனதைப் படிப்பது மாதிரி நடத்தினால் சலிக்காது.

எட்டு வயதுக்கு மேல் இதைச் செய்யலாம். நான்கு அட்டைகள் எழுதிக்கொள்ளுங்கள்.

முதல் அட்டை: 1, 3, 5, 7, 9, 11, 13, 15
இரண்டாவது: 2, 3, 6, 7, 10, 11, 14, 15
மூன்றாவது: 4, 5, 6, 7, 12, 13, 14, 15
நான்காவது: 8, 9, 10, 11, 12, 13, 14, 15

ஒன்றிலிருந்து பதினைந்துக்குள் ஓர் எண்ணைக் குழந்தை நினைத்துக்கொள்ளட்டும். அது எந்தெந்த அட்டைகளில் இருக்கிறது என்று மட்டும் கேளுங்கள். அந்த அட்டைகளின் முதல் எண்களைக் கூட்டினால் விடை. 13 நினைத்தால் முதல், மூன்றாவது, நான்காவது அட்டைகளைக் காட்டுவார்கள். 1, 4, 8 சேர்ந்து 13. கணினி எண்களை வைத்துக்கொள்ளும் இரும முறைதான் இது. 'இருக்கிறது, இல்லை' என்ற நான்கு பதில்கள் பதினைந்து எண்களையும் பிரித்துக்காட்டப் போதுமானவை.

பெரிய பிள்ளைகளுக்கு 1089. முதல் இலக்கமும் கடைசி இலக்கமும் வேறாக உள்ள மூன்று இலக்க எண் ஒன்றை எழுதச் சொல்லுங்கள். அதைத் திருப்பி எழுதி, பெரியதிலிருந்து சிறியதைக் கழிக்க வேண்டும். வரும் விடையைத் திருப்பி எழுதி இரண்டையும் கூட்ட வேண்டும். 742 என்றால் 742 - 247 = 495; 495 + 594 = 1089. எந்த எண்ணை எடுத்தாலும் இதேதான் வரும். கழித்து 99 வந்தால் 099 என்று எழுதச் சொல்ல மறக்காதீர்கள். 1089 என்று எழுதிய தாளை ஓர் உறைக்குள் போட்டு ஒட்டி, தொடக்கத்திலேயே ஒரு குழந்தையிடம் கொடுத்து அதன் மேல் உட்காரச் சொல்லுங்கள். ஒரு கூட்டத்தில் ஒரு முறைதான்.

மேஜிக்கோடு சேர்ந்து போகும் விளையாட்டுகள் எவை?

கருப்புக்கு அடுத்தது என்ற விளையாட்டு முதலிடம். உங்களுக்கு ஒரு கூட்டாளி வேண்டும். கொண்டாட்டக் குழந்தையின் அக்காவோ அண்ணனோ இருந்தால் நல்லது. கூட்டாளி வெளியே போகிறார். மற்றவர்கள் கூடத்தில் ஒரு பொருளைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அவர் திரும்பி வந்ததும் நீங்கள் ஒவ்வொரு பொருளாகக் காட்டி "இதுவா?" என்கிறீர்கள். சரியான பொருளுக்கு அவர் "ஆமாம்" என்கிறார். ரகசியம் இவ்வளவுதான்: கருப்பு நிறப் பொருள் ஒன்றைக் காட்டிய உடனே அடுத்துக் காட்டுவதுதான் விடை. கண்டுபிடித்த குழந்தை ரகசியத்தைச் சொல்லாமல், வெளியே போய்வந்து நிரூபிக்க வேண்டும். ஒவ்வொருவராகக் கண்டுபிடித்து உள்வட்டத்தில் சேரும்போது ஒரு மணி நேரம்கூட ஓடும். கடைசி இரண்டு பேர் தவிக்கும்வரை இழுக்காதீர்கள். கருப்பைக் கொஞ்சம் பளிச்சென்று காட்டி உதவுங்கள்.

தட்டில் பன்னிரண்டு பொருள்களை வைத்து, ஒரு நிமிடம் பார்க்கவிட்டுத் துணியால் மூடி, ஒன்றை எடுத்துவிட்டு எது காணோம் என்று கேட்கும் நினைவு விளையாட்டும் பொருந்தும். எடுத்த பொருள் அப்புறம் இன்னொரு குழந்தையின் தொப்பிக்குள்ளிருந்து வரட்டும். விளையாட்டு முடிந்த இடத்தில் வித்தை தொடங்கிவிடும்.

தோற்றவர் வெளியேறும் விளையாட்டுகளைக் குறைத்துக்கொள்ளுங்கள். இசை நாற்காலியில் முதலில் வெளியேறுவது பெரும்பாலும் ஆகச் சிறிய குழந்தைதான். மீதி நேரம் முழுக்க அது சுவரோரம் நிற்கும். நாற்காலி குறையட்டும், ஆள் குறைய வேண்டாம். எல்லாரும் மிச்சமிருக்கும் நாற்காலிகளில் நெருக்கியடித்து உட்கார வேண்டும் என்று மாற்றிவிட்டால் சிரிப்பும் கூடும், யாரும் அழவும் மாட்டார்கள்.

"எனக்குத் தெரியும், அது உங்க கையிலதான் இருக்கு!" என்று ஒரு குழந்தை கத்தினால்?

கோபமே வேண்டாம். அந்தக் குழந்தைதான் உங்களை மிக உன்னிப்பாகப் பார்த்துக்கொண்டிருக்கிறது. "நல்ல கண் உனக்கு, வா, எனக்கு உதவி செய்" என்று பக்கத்தில் அழைத்துக்கொள்ளுங்கள். உதவியாளரான பிறகு ரகசியத்தைக் காப்பது அதன் கௌரவமாகிவிடும். மட்டம் தட்டிப் பேசி மற்றவர்களைச் சிரிக்கவைப்பது எளிது. அதைச் செய்யவே செய்யாதீர்கள். வந்திருப்பது பார்வையாளர் அல்ல, விருந்தாளிக் குழந்தை.

கையில் ஒளித்ததைப் பார்த்துவிடுகிறார்கள். என்ன தவறு?

பெரும்பாலும் கண்ணில்தான் தவறு. நீங்கள் எங்கே பார்க்கிறீர்களோ அங்கேதான் அவர்களும் பார்ப்பார்கள். நார்மன் டிரிப்லெட் என்ற அமெரிக்க உளவியலாளர் 1900இல் வெளியிட்ட ஆய்வில் இதைக் குழந்தைகளிடம் சோதித்திருக்கிறார். பந்தை இரண்டு முறை மேலே எறிந்து பிடித்தார். மூன்றாவது முறை எறிவதுபோல் பாவனை மட்டும். பந்து மேலே போய்க் காற்றில் மறைந்ததைத் தாங்கள் கண்டதாகவே பல குழந்தைகள் சொன்னார்கள். 2006இல் வெளியான இன்னொரு ஆய்வு, வித்தைக்காரரின் பார்வையும் பந்தோடு மேலே போனால்தான் இந்த மயக்கம் பலமாக வேலை செய்கிறது என்று காட்டியது.

எனவே காலிக் கையை, அதில் பொருள் இருப்பதாகவே நம்பிப் பாருங்கள். ஒளித்த கையைக் குனிந்து பார்க்காதீர்கள், விறைப்பாகவும் வைக்காதீர்கள். பார்வை சரியாகிவிட்டால் விரல் கொஞ்சம் தடுமாறினாலும் தப்பித்துக்கொள்ளலாம்.

ரகசியத்தைச் சொல்லலாமா?

காட்டிய வித்தைகளின் ரகசியத்தை அன்றே சொல்லாதீர்கள். முதலாம் நூற்றாண்டின் ரோமானியச் சிந்தனையாளர் செனெகா, கிண்ணங்களையும் கூழாங்கற்களையும் வைத்துச் செய்யும் செப்படி வித்தையைப் பற்றித் தன் கடிதம் ஒன்றில் எழுதியிருக்கிறார். அந்த ஏமாற்றுதான் தனக்குப் பிடித்திருக்கிறது, எப்படிச் செய்தார்கள் என்று காட்டிவிட்டால் ஆர்வம் போய்விடும் என்கிறார். குழந்தைகளும் அப்படித்தான். "சொல்லுங்க, சொல்லுங்க" என்று நச்சரிப்பார்கள், சொன்ன மறு நிமிடம் "இவ்வளவுதானா?" என்று முகம் தொங்கிவிடும்.

ஆனால் கற்றுக்கொடுப்பது வேறு. ரப்பர் பேண்டு வித்தையை எல்லாருக்கும் சொல்லிக்கொடுத்து, ஆளுக்கு ஒரு பேண்டு கொடுத்து அனுப்புங்கள். வீட்டுக்குப் போய் யாரையாவது அசத்தும் வாய்ப்போடு வரும் ரகசியம் ஏமாற்றம் தராது.

பாதியில் சொதப்பிவிட்டால்?

சிரித்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள். என்ன நடக்கப்போகிறது என்று முன்கூட்டியே சொல்லாமல் இருந்தால், தவறியதே அவர்களுக்குத் தெரியாது.

கூச்சப்படும் குழந்தையை எப்படிச் சேர்த்துக்கொள்வது?

முன்னால் வரச் சொல்லி வற்புறுத்தாதீர்கள். உட்கார்ந்த இடத்திலேயே செய்யக்கூடிய ஒன்றைக் கொடுங்கள்: உறையைப் பாதுகாப்பது, விளக்கு சுவிட்சை அமுக்குவது, எண்ணை மனதில் நினைத்துக்கொள்வது. திடீர்ச் சத்தம், இருட்டு, முகமூடி ஆகியவை சில குழந்தைகளைக் கலங்கவைக்கும். யாருக்கு எது ஆகாது என்று பெற்றோரிடம் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். பலூன் வெடிக்கப்போகிறது என்றால் சொல்லிவிட்டு வெடியுங்கள். ஆட்டிச நிலையுள்ள குழந்தைக்கு அடுத்து என்ன வருகிறது என்று முன்பே தெரிந்திருந்தால் ரசிப்பது எளிதாகும்.

எவ்வளவு நேரம், எங்கே உட்கார வைப்பது?

ஐந்து வயது என்றால் இருபது நிமிடம், எட்டு வயது என்றால் முப்பது, அதற்கு மேல் நாற்பது. சுவரை உங்கள் முதுகுக்குப் பின் வையுங்கள், ஜன்னலை அல்ல. வெளிச்சம் பின்னாலிருந்து வந்தால் கையில் மறைத்தது தெரியும், உங்கள் முகம் தெரியாது. குழந்தைகள் தரையில் உங்களுக்கு எதிரே உட்காரட்டும், பக்கவாட்டில் வேண்டாம். தரையில் ஒரு கயிற்றைப் போட்டு அதுதான் எல்லை என்று சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் பத்து நிமிடத்தில் உங்கள் மடியில் இருப்பார்கள்.

பாதுகாப்பு விஷயத்தில் எதைக் கவனிக்க வேண்டும்?

இதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். ஊதாத பலூனும் வெடித்த பலூன் துண்டும் மூச்சுக்குழாயை அடைத்துவிடும். எட்டு வயதுக்கு உட்பட்டவர்கள் கையில் கொடுக்கக் கூடாது, வெடித்த துண்டுகளை உடனே பொறுக்கிவிட வேண்டும். சிலருக்கு லேடெக்ஸ் (பலூன் செய்யும் ரப்பர்) ஒவ்வாமையும் இருக்கும். மூன்று வயதுக்குக் குறைந்த தம்பி தங்கைகள் கூடத்தில் இருந்தால் நாணயம், மணி, சிறிய ஸ்பாஞ்சுப் பந்து எதுவும் தரையில் கிடக்கக் கூடாது.

மின்னும் விரல் விளக்கு போன்ற சாமான்களில் பொத்தான் பேட்டரி இருக்கும். விழுங்கினால் இரண்டே மணி நேரத்தில் உணவுக்குழாயைப் புண்ணாக்கிவிடும். மூடி திருகாணியால் பூட்டப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். வலுவான சிறு காந்தங்களும் அதே அளவு ஆபத்து; இரண்டை விழுங்கினால் குடல் சுவருக்கு இருபுறமும் ஒட்டிக்கொள்ளும். இவற்றில் எதையாவது விழுங்கிய சந்தேகம் வந்தாலே நேராக மருத்துவமனைதான், காத்திருந்து பார்க்கக் கூடாது. நெருப்பு சம்பந்தப்பட்ட வித்தைகளை வீட்டில் குழந்தைகள் முன் செய்யவே வேண்டாம்.

முயல், புறா வைத்துக்கொள்ளலாமா?

வேண்டாம். இரைச்சலும் நீளும் கைகளும் அவற்றுக்கு வதை.

தொழில்முறைக் கலைஞரை அழைத்தால் என்ன கேட்க வேண்டும்?

இந்த வயதுக் குழந்தைகளுக்கு முன்பு செய்திருக்கிறாரா, குழந்தைகள் எந்த இடங்களில் பங்கேற்பார்கள், எவ்வளவு இடம் வேண்டும், நெருப்போ விலங்கோ உண்டா. இரண்டாவது கேள்விக்கு அவர் சொல்லும் பதிலைக் கூர்ந்து கேளுங்கள். "நிறைய ஜோக் இருக்கும்" என்றால், யாரைப் பற்றிய ஜோக் என்று கேட்டுவிடுங்கள். கொண்டாட்டக் குழந்தையின் பெயரையும் அதற்குப் பிடிக்காத விஷயங்களையும் நீங்களாகவே சொல்லிவையுங்கள்.

என் குழந்தையே தன் நண்பர்களுக்கு மேஜிக் காட்ட ஆசைப்படுகிறது. விடலாமா?

தாராளமாக. ஒரே ஒரு வித்தை போதும். ஊதும் புத்தகமோ நான்கு அட்டைகளோ சரியாக இருக்கும், கை வேகம் தேவையில்லை. வீட்டில் பெரியவர்கள் இரண்டு மூன்று பேருக்குத் தனித்தனியாகக் காட்டிப் பழகட்டும். தெரிந்ததுபோல் குறுக்கே பேசாமல் பாருங்கள். அன்றைக்கு உங்கள் வித்தைகளுக்கு நடுவில் அதற்கு இடம் கொடுங்கள், கடைசியில் வேண்டாம். கடைசியில் குழந்தைகள் எழுந்து ஓடத் தொடங்கியிருப்பார்கள். குழந்தை முன்னால் நிற்கும்போது நீங்கள் தரையில், மற்ற குழந்தைகளோடு கயிற்றுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்துகொள்ளுங்கள்.